வேகமும் அடக்கமும்

"அடக்கமாக இரு" என்று சொன்னால் இளைஞர்களுக்குக் கோபம் வருகிறது. வருவதில் நியாயமும் இருக்கிறது. பெரியவர்கள் அந்தச் சொல்லை எடுக்கும்போதெல்லாம் பெரும்பாலும் "வாயை மூடு" என்பதைத்தான் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அடக்கம் என்பது சுதந்திரத்துக்குப் பூட்டும் விலங்கு என்றும், கையாலாகாதவன் மாட்டிக் கொள்ளும் முகமூடி என்றும் பிள்ளைகள் எண்ணிவிட்டார்கள். இந்த வழக்கில் நியாயம் எந்தப் பக்கம்?

சாவி கொடுத்துப் பாட வைக்கும் பழைய கிராமபோன்களைக் கழற்றிப் பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அந்தப் பெட்டியையே சாட்சிக் கூண்டில் ஏற்றலாமென்று தோன்றுகிறது.

பெர்லினர் கண்டுபிடித்த கிராமபோனை முதலில் கையால்தான் சுற்றினார்கள். கை ஒரே சீராகச் சுற்றுமா? பாட்டு ஏறியும் இறங்கியும் தள்ளாடியது. 1896-ல் அமெரிக்காவில் காம்டன் நகரத்து மெக்கானிக் எல்ட்ரிட்ஜ் ஜான்சன், அதற்குச் சுருள்வில்லால் ஓடும் மோட்டார் ஒன்றைச் செய்து கொடுத்தார். வில்லுக்குப் பலம் உண்டு. ஆனால் சமநிலை கிடையாது. சாவி கொடுத்து முடித்ததும் அதற்கு அசுர பலம். அவிழ அவிழப் பலம் குறைகிறது. தட்டோ முதலிலிருந்து முடிவு வரை நிமிஷத்துக்கு 78 சுற்று என்று ஒரே கதியில் சுற்றியாக வேண்டும். இதைச் சாதிப்பது கவர்னர் என்ற சிறு உறுப்பு.

மேல்பலகையைத் தூக்கிப் பார்த்தால் மெல்லிய அச்சு ஒன்றைச் சுற்றி மூன்று உலோகக் குண்டுகள், தகட்டு வில்களில் பொருத்தப்பட்டிருக்கும். அச்சு சுழலும்போது குண்டுகள் வெளிப்பக்கமாக விரியும். விரியும்போது அச்சிலுள்ள வட்டத்தகடு ஒன்றை இழுக்கும். அந்தத் தகடு தோல் துண்டில் உரசி வேகத்தைத் தணிக்கும். வேகம் கூடினால் உரசலும் கூடும். வேகம் குறைந்தால் உரசலும் குறையும். 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்துக்குப் பூட்டிய கவர்னரும் இப்படி விரியும் குண்டுகளை நம்பியதுதான்.

அதே பெட்டியில் பிரேக்கும் இருக்கிறது. அது வெளியிலிருந்து தட்டின் விளிம்பை அழுத்தும். தட்டும் நிற்கும், பாட்டும் நிற்கும். கவர்னர் அப்படியல்ல. அதைத் தள்ளுவது அந்த மோட்டாரின் வேகமேதான். தன் வேகத்திலிருந்தே தன் நிதானத்தையும் உண்டாக்கிக் கொள்கிறது. பிள்ளைகள் வெறுப்பது பிரேக்கை. பெயரை மட்டும் அடக்கம் என்று தவறாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்.

"உரசலில் பலம் வீணாகவில்லையா?" என்று கேட்கலாம். வீணாகத்தான் செய்கிறது. வில்லின் சக்தியில் ஒரு பங்கு அந்தத் தோல் துண்டில் வெறும் சூடாகிப் போகிறது. அடக்கத்துக்கு விலை கிடையாதென்று சொல்வது பொய். சொல்ல நினைத்ததை விழுங்கியவனுக்கு அந்தச் சூடு தெரியும். அந்த விலையைக் கொடுத்தால்தான் பாட்டு சுருதி மாறாமல் நிற்கிறது.

பழுது பார்க்கிறவன் முதலில் பழக வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வில் முறுக்கேறி இருக்கும்போது கவர்னரைக் கழற்றக் கூடாது. கழற்றினால் சக்கரங்கள் வெறி பிடித்தாற்போல் ஓடிப் பற்கள் நொறுங்கும். கை நடுவில் இருந்தால் கையும் போகும். வில்லை முழுக்க அவிழ விட்ட பிறகே அதன் பக்கம் போக வேண்டும். கோபம் உச்சத்தில் இருக்கிறவனைத் திருத்தப் போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று: தோல் துண்டு காய்ந்து போனால் கவர்னர் கிறீச்சிடும், பாட்டு நடுங்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு மோட்டாரே போய்விட்டது என்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் போதும். அடக்கத்துக்கும் ஈரம் வேண்டும். ஈரமில்லாத அடக்கம் பிறரை எப்போதும் குத்திக் கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட உத்தமர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

கடைசியாக, பாட்டு இழுத்து இழுத்து மெதுவாக ஓடும் பெட்டி. வேகத் திருகை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. டப்பிக்குள் போட்ட பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். அல்லது வில்லே தளர்ந்திருக்கும். அங்கே கவர்னருக்கு வேலையே இல்லை. அந்தப் பெட்டியும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. அதை அடக்கம் என்று யாராவது சொல்வார்களா? பயத்தால் பேசாதவனையும், இயலாமையால் பொறுத்தவனையும் நாம் அடக்கமானவன் என்று புகழ்கிறோம். இந்த இடத்தில் இளைஞர்கள் பக்கம்தான் நியாயம். அவனுக்கு வேண்டியது உபதேசமல்ல. டப்பியைத் திறந்து இறுகியதைத் துடைத்துவிட்டுப் புதுக் கிரீஸ் தடவும் ஒரு கை.

பலம் இல்லாதவனுக்கு அடக்கம் என்ற கேள்வியே எழுவதில்லை. பலம் உள்ளவனிடம் அதை வெளியிலிருந்து திணிக்கவும் முடியாது. பிள்ளையை வளர்க்கிறவர்கள் முதலில் வில்லுக்கு முறுக்கேற்றட்டும். பிரேக்கின் மேல் வைத்திருக்கும் விரலைக் கொஞ்சம் எடுக்கட்டும்.