ஈகையா, கடனா?

வாணிபத்தில் நட்டம் வருவது குற்றமன்று. ஆட்களைக் குறைப்பதும் ஆலையை மூடுவதும் சில வேளைகளில் தவிர்க்க இயலாதவையே. அவ்வாறு வெளியேற்றப்படும் தொழிலாளியின் கையில் முதலாளி வைக்கும் பணம் ஸதகாவா, கடனா? பலரும் அதனைத் தருமமாகவே எண்ணி, கொடுத்தவரின் தாராளத்தைப் புகழ்கின்றனர்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட பிரிவுகள் வேறுவிதமாகக் கணக்கிட்டன. ஓராண்டில் 240 நாள் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத அறிவிப்பு அல்லது அம்மாத ஊதியம் தரவேண்டும். நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் உண்டு. பன்னிரண்டு ஆண்டு உழைத்தவருக்கு 180 நாள் ஊதியம். அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்பு வந்துள்ளது. 15 நாள் கணக்கு அதிலும் தொடர்கிறது. ஈகை, கொடுப்பவரின் மனத்தையும் பெறுபவரின் வறுமையையும் பொறுத்தது. இக்கணக்கோ இரண்டையும் பாராமல், உழைத்த ஆண்டுகளை மட்டுமே எண்ணுகிறது. ஆகவே இது கடன்.

இந்தத் தொகையைக் கொடாமல் செய்யும் ஆட்குறைப்பு செல்லாது என்று 1960இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலையையே மூடிவிட்டாலோ? மூடல் ஆட்குறைப்பாகாது என 1956இல் அதே நீதிமன்றம் கூறியதால், 1957இல் நாடாளுமன்றம் மூடலுக்கும் இழப்பீடு விதித்தது. தவிர்க்கவொண்ணாக் காரணத்தால் மூடினால் மூன்று மாத ஊதியத்துக்கு மேல் தரவேண்டியதில்லை. ஆயினும் நட்டமோ தேங்கிய சரக்கோ மட்டும் அத்தகைய காரணமாகாது. எனக்கு மிகவும் உவப்பான வாசகம் இது. இலாப ஆண்டுகளில் பங்கு கேட்காதவனிடம் நட்டத்தை மட்டும் எப்படிப் பங்கிடுவது?

பழனிசெட்டிபட்டியைக் கடந்து கம்பம் வழியே குமுளிக்கு ஏறும் சாலையில் மேலும் சென்றால் பீருமேடு. தேயிலை விலை சரிந்து, 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே சில தோட்டங்கள் கைவிடப்பட்டன. ஊதிய நிலுவையும் பணிக்கொடையும் கிட்டாமல், தமிழர் பலர் உட்பட, தொழிலாளர் குடும்பங்கள் லயங்களிலேயே தங்கிவிட்டன. முறைப்படி அனுப்பிய முதலாளியிடம் கணக்குக் கேட்கலாம். சொல்லாமல் அகன்றவரிடம் கேட்பதற்கு ஆண்டுகள் பல கடந்தன.

அன்றாடம் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் செல்வோர் நிலை இன்னும் நலிந்தது. பெயர் பதியாத ஆளுக்கு 240 நாளை யார் மெய்ப்பிப்பது? கடனை எழுதி வைக்குமாறு திருமறை பணித்திருப்பதை நம் வணிகர்கள் நன்கறிவர். கூலிப் பதிவேட்டையும் அக்கட்டளையில் அடக்கியே நான் படிக்கிறேன்.