விளங்கவுரைத்தல்: திறனா, அறமா?

ஆசிரியர் கற்பித்தார், மாணவர் விளங்கிக்கொள்ளவில்லை. குறை யாருடையது? மாணவரின் மந்தபுத்தியே காரணமெனக் கூறி அமைதி காண்பது எளிது. ஆயின், விளங்காத பாடத்தைக் கற்பித்த பாடமெனக் கொள்ளலாமா என்பதே முதலில் ஆராயத்தக்கது. விளங்கவுரைத்தலைப் பயிற்சியாற் பெறும் ஒரு திறனாக மட்டுமே பலர் கருதுவர். அஃது ஆசிரியரின் அறக்கடமை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம் ஆசிரியராகத் தகாதாரை நான்கு உவமைகளாற் சுட்டுகிறது. கழற்காய் பெய்த குடம், பெய்த ஒழுங்கிலே காய்களைத் திருப்பித் தராது. மடல் சூழ்ந்த பனை, தானாகக் கனி உதிர்த்தாலன்றித் தேடி வந்தவர்க்கு ஒன்றும் ஈயாது. பஞ்சு திணித்த குடுக்கை, சிறிது சிறிதாகவே உட்கொண்டு சிறிது சிறிதாகவே வெளிவிடும். வளைந்த தென்னையோ, நீர் வார்த்தவனை விடுத்து அயலான் வளவிலே காயை வீழ்த்தும். இந்நான்கனுள் எதுவும் வெறுமையானதன்று. உள்ள பொருள் உரியவரை உரியவாறு சென்றடையாமையே குற்றம். பாடசாலையிலே பாதியை உரைத்து, மீதியைத் தனியார் வகுப்பிலே கட்டணத்துக்கு உரைப்பவர் இன்றும் உளராயின், அவர் அந்த வளைந்த தென்னைக்கு இனமாவார்.

இதனை அறத்தோடு சார்ந்த பிரச்சினையாகக் கொள்வது ஏன்? கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக விரிவடைந்தது. கட்டணம் என்னும் தடை நீங்கியது. அந்நியமொழி என்னும் தடையும் பெரிதும் தளர்ந்தது. எஞ்சியிருப்பது ஆசிரியரின் சொல் என்னும் தடையே. கற்றறிந்த பெற்றோரின் பிள்ளை, வகுப்பிலே விளங்காததை வீட்டிலே கேட்டறியும். தோட்டத்து லயத்துக்கோ மலையடிவாரக் குடிசைக்கோ திரும்பும் பிள்ளைக்கு ஆசிரியரின் சொல்லன்றி வேறு துணையில்லை. தெளிவின்மையின் சுமை எல்லார்மீதும் ஒரேயளவாக விழுவதில்லை. எளியவர்மீதே முழுமையாக விழுகிறது.

மாத்தளை மாவட்டத்து லக்கலப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். அங்குப் பெரும்பாலான பிள்ளைகள் சிங்களமொழி மூலமே கற்பவர். எனினும் மொழி எதுவாயினும் நியாயம் ஒன்றே. நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கும் களுகங்கை அங்கே அணையால் மறிக்கப்பட்டு, 2018இல் நீர்த்தேக்கமாயிற்று. பழைய ஊர்மனைகளும் வயல்களும் நீருள் ஆழ்ந்தன. புதிய நகரொன்று எழுந்தது. அத்தகைய வகுப்பிலே நீர்த்தேக்கத்தின் வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதி மனனஞ் செய்விப்பதும் கற்பித்தலெனப்படும். கண்முன்னே பரந்துள்ள நீரிலே தொடங்கி, அது யாருக்கு நீர் தந்தது, யாரிடமிருந்து நிலம் கொண்டது என வினவி, பின்னர் வரைவிலக்கணத்துக்கு வருவதும் கற்பித்தலே. முன்னையது சொல்லைத் தருகிறது; பின்னையது சொல்லோடு பொருளையும் தருகிறது.

எழுத்துக்கும் இதுவே விதி. ஒழுங்கின்றி நிரப்பப்பட்ட கரும்பலகை, ஒழுங்கற்ற சிந்தனையையே மாணவருக்குப் பழக்கும். பயிற்சிக் கொப்பியிலே சிவப்பு மையால் இடப்படும் வெறும் பிழைக்குறி ஒரு தீர்ப்பு மட்டுமே. ‘இவ்விடத்திற் காரணம் கூறப்படவில்லை’ என்னும் ஒரு வரியோ வழிகாட்டல். தீர்ப்பு வழங்கச் சில நொடிகள் போதும்; வழிகாட்டுவதற்கு அப்பிள்ளையின் எழுத்தை உண்மையாகவே வாசித்திருத்தல் வேண்டும்.

எளிமையாக்கினாற் பொருளின் ஆழம் குன்றும் என்பர் சிலர். இத்தடையைப் புறக்கணித்தல் ஆகாது. அரிய கலைச்சொல்லை நீக்கிவிடுவது எளிமையன்று. அஃது உயர்கல்வியின் வாயிலை அடைப்பதேயாம். கலைச்சொல்லை அதன் இடத்திலேயே நிறுத்தி, அதனிடம் செல்லும் படிகளை அமைப்பதே எளிமை. படியேறும் முயற்சி மாணவருடையது. படிகளை அமைக்கும் பொறுப்பு ஆசிரியருடையது.

நாளை நம்மிற் பலர் ஆசிரியராவோம். வகுப்பு அமைதியாயிருப்பதைக் கொண்டு விளங்கிற்றென முடிவுசெய்யாது, வினவத் தயங்கும் கடைசி வாங்குப் பிள்ளையிடம் நம் சொல் சென்றதா என ஆராய்தல் வேண்டும். நமது புலமைக்கு அதனினும் நேர்மையான பரீட்சை வேறில்லை.