வலது அம்பை அழுத்து!

"எனக்கு டிசைன் எல்லாம் வராதுங்க!"

நிறுத்து! யார் சொன்னது உனக்கு?

பள்ளி ஆண்டு மலர் வேலை உன் மேசைக்கு வந்திருக்கிறது. ஒரு வகுப்பு, 45 பிள்ளைகள், 45 படங்கள், ஒரே ஒரு ஏ4 பக்கம். வெள்ளைத் திரையைப் பார்த்ததும் உனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வேறு யாரிடமாவது தள்ளிவிடலாம் என்று போனைத் தேடுகிறாய்.

போனைக் கீழே வை!

நேற்று என்ன செய்தாய்? ஒவ்வொரு படமாக இழுத்துக் கண்ணளவில் வைத்தாய். ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே இறங்கியது. நான்காவது வரிசையிலேயே இடத்துக்குத் திண்டாடினாய். எல்லாவற்றையும் அழித்தாய். பிறகு உன்னையே திட்டிக்கொண்டாய்.

எதற்குத் திட்டு? நீ அளக்கவில்லை. அவ்வளவுதான் உன் குற்றம்!

வாசலில் உன் அம்மா எடுத்த எடுப்பில் கோடு இழுப்பாரா? முதலில் புள்ளி! எட்டுப் புள்ளி, எட்டு வரிசை, நேர்ப் புள்ளி. அப்புறம்தான் கோடு. அந்த வீட்டில் பிறந்துவிட்டு நீ புள்ளி வைக்காமல் படம் அடுக்குகிறாயே!

தாளை எடு. பென்சிலை எடு.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297. நாலு ஓரமும் 15 விடு. மிஞ்சுவது 180-க்கு 267.

குறுக்கே ஆறு படம், ஒவ்வொன்றும் 25 மில்லிமீட்டர் சதுரம். மொத்தம் 150. நடுவில் ஐந்து இடைவெளி, ஒவ்வொன்றும் 6. ஐயாறு முப்பது. கூட்டிப் பார்! 180! மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை!

கீழ்நோக்கி எட்டு வரிசைக்கு 200. ஏழு இடைவெளிக்கு 42. பிள்ளைகளின் பெயர்கள் உட்காரப்போவது அந்த இடைவெளிகளில்தான். கடைசி வரிசையின் பெயர்களுக்கு இன்னொரு 6. ஆக 248. தலைப்புக்கு 19 மில்லிமீட்டர் மீதி!

இதில் எங்கே இருக்கிறது பிறவித் திறமை? வாய்ப்பாடு தெரிந்தவன் எவனும் போடுகிற கணக்கு இது!

இப்போது பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனைத் திற. படங்களுக்கு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி 01, 02 என்று பெயர் வைத்தாயா? சரி. கன்ட்ரோல், டி. 45 படத்தையும் ஒரே பிடியில் தேர்ந்தெடு.

கர்சர் நுனியில் ஒரு படம் சின்னதாகத் தொங்கும். பக்கத்தில் எண்ணிக்கை நிற்கும். மிரளாதே! பக்கத்தின் மூலையில் மவுஸை அழுத்தி இழு. விரலை எடுக்காதே! பிடித்தபடியே வலது அம்பைத் தட்டு. குறுக்கே ஓர் இடம் கூடும். இன்னொரு தட்டு, இன்னொன்று. மேல் அம்பைத் தட்டு. வரிசை கூடும். ஆறுக்கு எட்டு வந்ததா? விடு!

45 முகங்களும் வரிசை கட்டி இறங்கும்! அளவும் இடைவெளியும் பிசகினால் எண்ணைத் தட்டிச் சரிசெய். கண்ணளவு வேண்டவே வேண்டாம்.

2010-இல் வந்த சிஎஸ்5 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. இத்தனை காலம் உன் விரலடியில் கிடந்த அம்பு! ஒருநாளாவது அழுத்திப் பார்த்தாயா?

"ஆங்கிலம் தெரியாது" என்கிறாயா? அம்புக்குறி எந்த மொழி, சொல்!

"சந்தா கட்டப் பணமில்லை" என்கிறாயா? ஸ்கிரைபஸ் மென்பொருள் இலவசம்! 25-க்கு 25-இல் ஒரு ஃபிரேம் வரை. பல நகல் எடுக்கும் கட்டளையில் வரிசை எட்டு, குறுக்கே ஆறு, இடைவெளி 6 என்று கொடு. 48 ஃபிரேம் தயார். படங்களை அப்புறம் ஏற்று. நேரம் பிடிக்கும். பிடிக்கட்டுமே!

1985-இல் பேஜ்மேக்கர் மென்பொருள் வந்தது. அதற்கு முன்னால் பக்கம் கட்டியவர்களை நினைத்துப் பார். கத்தரி, பசை, ஸ்கேல். அச்சுக் கேமரா கண்டுகொள்ளாத வெளிர்நீலப் பென்சிலால் கோடு. ஒட்டியது கோணினால் பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டும். உனக்குக் கன்ட்ரோல் இசட் இருக்கிறது. நீ பயப்படுகிறாய்!

தோற்றுவிடுவாயா? தோற்றுப் பார்! நான் தோற்றிருக்கிறேன். பக்கக் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். படங்களைக் கணினியிலேயே விட்டுவிட்டேன். பக்கத்துக்குள் இருப்பது படத்தின் முகவரிதான், படம் இல்லை என்பது எனக்குத் தெரியாது. திறந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் சிவப்புக் கேள்விக்குறி! தலைகுனிந்து கடைசி பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் பேக்கேஜ் கட்டளையைக் கற்றேன். பக்கமும் படமும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்தன. அந்த ஓர் இரவு எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எந்த வகுப்பும் சொல்லித்தரவில்லை!

படம் இறங்கிவிட்டது என்று எழுந்துவிடாதே. உட்கார்! உழைப்பு இனிமேல்தான்.

ஒரு பிள்ளையின் முகம் பெரிதாக இருக்கும். இன்னொன்று குழுப் படத்திலிருந்து வெட்டியது, கடுகளவு இருக்கும். இழுத்து நீட்டாதே! நீட்டினால் முகம் கோணும். விகிதம் மாறாமல் பெரிதாக்கு. உச்சந்தலையும் மோவாயும் எல்லாப் படத்திலும் ஒரே அளவில் நிற்கட்டும். ஃபிரேமின் மேல்விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டரில் கண்கள். அத்தனை பேருக்கும் அதே 10!

"படம் சின்னது, மங்கிவிடும்" என்று நழுவாதே. 25 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஓர் அங்குலம். வெட்டிய படம் 300 பிக்சல் அகலம் இருந்தால் அச்சில் தெளிவாக நிற்கும். அதற்கும் குறைவா? பெற்றோரிடம் வேறு படம் கேள். கேட்க என்ன கூச்சம்?

படத்துக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 90 நிமிடம். ஒரு சினிமா நேரம்கூட இல்லை!

இன்னும் ஒன்று. ஏழு வரிசையில் 42 பேர் போக, மூன்று பேர் மிச்சம். அந்த மூவரும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதா? ஓர் இடம் 31 மில்லிமீட்டர். ஒன்றரை இடம் 46.5. மூன்றையும் சேர்த்துப் பிடி, அந்த 46.5-ஐ வலது பக்கம் நகர்த்து. பக்கத்தின் நடுவில் கம்பீரமாக நிற்பார்கள்.

கடைசி வரிசைதானே என்று விடாதே! மலர் கைக்கு வந்ததும் 43-ஆம் பிள்ளையின் அம்மா முதலில் விரல் வைப்பது அந்த ஃபிரேமில்தான்.

மணி என்ன? ஒன்பதா? நேரம் இருக்கிறது! நாற்காலியை இழுத்துப் போடு. 01 முதல் 45 வரை எண்ணிச் சரிபார். கன்ட்ரோல், டி. மூலையில் மவுஸை வை. இழு!