சுனையும் மதிலும்

செஞ்சிக் கோட்டையின் மதில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் ஓடுகிறது. ராஜகிரி உச்சிக்கு முன்னால் ஆழமான ஒரு பிளவு. அதன் மேலுள்ள பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஏற வழியில்லை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படையை இந்தக் கோட்டை தடுத்து நிறுத்தியது. முற்றுகையிட்ட சுல்ஃபிகர் கான் மனம்வைத்துப் போரிடவில்லை என்ற சந்தேகம் அப்போதே உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும் எட்டு ஆண்டுகள் சிறிதல்ல. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. கல்லும் அகழியும் அவையேதான். ஆனால் இம்முறை உள்ளே இருந்தவர்கள், திருவதியில் தோற்று மனமுடைந்து வந்து ஒதுங்கிய வீரர்கள்; ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் ஆட்கள்.

கிறிஸ்தவ வாழ்வில் பாதுகாப்பு என்றதும் நாமும் மதிலைத்தான் நினைக்கிறோம். 91ஆம் சங்கீதத்தைச் சட்டமிட்டு வாசலுக்கு மேல் மாட்டுகிறோம். பயணத்துக்கு முன் வாசிக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் நாற்பது நாள் உபவாசத்துக்குப் பின், தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி இயேசுவைத் தூண்டிய சாத்தான் எடுத்துக்காட்டியதும் இதே சங்கீதத்தைத்தான். வாக்குத்தத்தத்தின் சொற்களை மனப்பாடமாக வைத்திருப்பது மட்டுமே ஒருவரைக் காப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இயேசு மூன்று சோதனைகளுக்கும் உபாகமத்திலிருந்து பதில் சொன்னார். பசியில் நின்றபடி அவசரமாகத் தேடி எடுத்த பதில்கள் அல்ல அவை. நாசரேத்தின் நீண்ட, பேர் தெரியாத ஆண்டுகளில் உள்ளே ஊறியிருந்தவை. செஞ்சியில் மதிலை வியப்பவர்கள் களஞ்சியங்களையும் சுனைகளையும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். முற்றுகை தொடங்கிய பிறகு சுனை தோண்ட முடியாது. தினமும் வேதத்தோடு உட்காருவது, கசப்பை அன்றன்றே மன்னித்து இறக்கிவைப்பது, தன் பாவத்தைத் தானே ஒத்துக்கொள்வது ஆகிய இந்தச் சின்ன வேலைகளை ‘வளர்ச்சி’ என்று ஒரு பக்கம் வைத்து, ‘பாதுகாப்பு’ வேறு என்று பிரிப்பது தவறு என்கிறேன். ஆவியில் வளர்வதுதான் நமக்குள்ள காவல்.

அப்படியானால் வளர்ந்தவர்கள் ஏன் காக்கப்படவில்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. செஞ்சி முற்றுகையில் இருந்த அதே காலத்தில், 1693 பிப்ரவரி 4 அன்று, ஓரியூரில் போர்ச்சுகீசிய இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டிக் கொல்லப்பட்டார். 1686-இலேயே மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்தவர் அவர். பிறகு ஐரோப்பா போனார். போர்ச்சுகல் அரசர் அவரை லிஸ்பனிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். தமிழ்நாட்டில் என்ன காத்திருக்கிறது என்று அறிந்தும் திரும்பி வந்தார். அவர் உடல் காக்கப்படவில்லை. ஆனால் பயமோ சுகமோ அவருடைய அழைப்பை அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. எதைக் காக்க வேண்டும் என்பதில் அவருக்கும் நமக்கும் கணக்கு வேறு.

இதனால், பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமென்று ஜெபிக்கும் தாயின் விசுவாசம் சிறியது என்று ஆகிவிடாது. தீமையிலிருந்து இரட்சிக்கும்படி கேட்கப் பரமண்டல ஜெபமே கற்றுத் தருகிறது. கெத்செமனேயில் இயேசுவும் பாத்திரம் நீங்கும்படி கேட்டார். அது நீங்கவில்லை; அவரைத் திடப்படுத்த ஒரு தூதன் வந்ததாக லூக்கா எழுதுகிறார். அன்றிரவு அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஆபத்து ஒன்றுதான். பேதுருவிடம் பட்டயம் இருந்தது; அவர் தூங்கியிருந்தார். விழித்து ஜெபித்தவர் எழுந்து, பிடிக்க வந்தவர்களை நோக்கி நடந்தார்.