உள்ளும் புறமும் ஒன்றாகும் இடம்

ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பப் படிவத்தை 'ஃபில் இன்' செய்யலாம், 'ஃபில் அவுட்'டும் செய்யலாம். ஒன்றில் உள்ளே, மற்றதில் வெளியே; வேலை ஒன்றுதான். தீப்பிடித்த வீடு 'பர்ன் டவுன்' ஆனாலும் 'பர்ன் அப்' ஆனாலும் மிஞ்சுவது சாம்பல். வாய்ப்பு மிகக் குறைவு என்றால் 'ஸ்லிம் சான்ஸ்' என்பார்கள். 'ஃபேட் சான்ஸ்' என்று சொல்லிவிட்டாலோ அந்தக் கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. ஆங்கிலம் கற்பவர்கள் இவற்றை மொழியின் கோணல் என்று மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய இடம் இது. பொருள் குடியிருப்பது சொல்லிலா, வாக்கியத்திலா?

இந்தியத் தத்துவ மரபில் இது பல நூற்றாண்டு வழக்கு. வேதத்தின் கட்டளையைப் பிழையறப் புரிந்துகொண்டால்தான் வேள்வியைப் பிழையறச் செய்ய முடியும் என்பது மீமாம்சகர்களின் கவலை. அவர்களில் குமாரில பட்டர் சொல்லின் பக்கம் நின்றார்: ஒவ்வொரு சொல்லும் முதலில் தன் பொருளைத் தருகிறது, அப்பொருள்கள் பிறகு இணைந்து வாக்கியப் பொருளாகின்றன. இன்னொரு மீமாம்சகரான பிரபாகரரின் மரபு இதை ஏற்கவில்லை. அவர்கள் காட்டும் உதாரணம் அழகானது. 'பசுவைக் கொண்டு வா' என்கிறார் ஒரு பெரியவர். இன்னொருவர் கொண்டு வருகிறார். பக்கத்தில் ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு 'பசுவைக் கட்டு', 'குதிரையைக் கொண்டு வா' என்ற பேச்சுகளும் காதில் விழுகின்றன. இப்படித்தான் குழந்தைக்குச் சொல் பிடிபடுகிறது. எந்தச் சொல்லும் தனியாக வந்து அதனிடம் அறிமுகமாவதில்லை.

இவர்களுக்கும் முன்பே, ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டில், இலக்கண அறிஞர் பர்த்ருஹரி தம் 'வாக்கியபதீயம்' நூலில் இன்னும் தொலைவு போயிருந்தார். பல நிறங்கள் கொண்ட ஓவியத்தைக் கண் ஒரே காட்சியாகத்தான் காண்கிறது. நிறங்களைப் பிரித்துச் சொல்வது அதற்குப் பிந்தைய வேலை. வாக்கியமும் அவருக்கு அப்படிப் பிளவற்ற ஒன்று. சொற்கள் இலக்கணக்காரர் வசதிக்காகப் பிரித்தெடுத்தவை.

'ஃபில் இன்', 'ஃபில் அவுட்' இரண்டையும் பார்த்தால் பர்த்ருஹரி வென்றுவிட்டதாகவே தோன்றும். அமெரிக்கப் பேச்சில் இதைவிட வலுவான சாட்சியும் உண்டு. 'ஐ குடுன்ட் கேர் லெஸ்' என்றால் துளியும் அக்கறையில்லை என்று பொருள். மறுப்பை நீக்கி 'ஐ குட் கேர் லெஸ்' என்றாலும் அதே பொருள்தான். மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1994இல் வந்த 'தி லாங்வேஜ் இன்ஸ்டிங்க்ட்' நூலில் பின்னதைக் கிண்டல் பேச்சு என்று விளக்கி, குரலின் ஏற்ற இறக்கத்தைச் சான்றாகக் காட்டினார். அந்த விளக்கத்தை ஏற்றாலும், பொருளை அங்கே சுமப்பது எந்தத் தனிச் சொல்லும் அல்ல.

ஆனால் தீப்பற்றிய வீட்டுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். 'டவுன்' என்பதில் சுவரும் கூரையும் தரையில் சரிவது தெரிகிறது. 'அப்' என்பதில் ஒன்றும் மிச்சமில்லை என்ற முழுமை. அதனால்தான் காகிதம் 'பர்ன் அப்' ஆகும், 'பர்ன் டவுன்' ஆகாது. சரிந்து விழ அதற்குச் சுவரில்லை. விடைபெறும் தமிழர் 'போகிறேன்' என்னாமல் 'வருகிறேன்' என்பதிலும் இந்தக் குணம் உண்டு. கிளம்புகிறார் என்று எல்லோருக்கும் புரிகிறது, திரும்பி வரும் எண்ணமும் அந்தச் சொல்லிலேயே தங்கியிருக்கிறது.

ஆகவே சொல்லை வெறும் வசதிக்கான கூறு என்று தள்ளிவிட முடியாது. 'ஈட் அப்', 'யூஸ் அப்' போன்றவற்றில் பழகியவருக்கு, இதுவரை கேட்டிராத வினையோடு 'அப்' சேர்ந்து வந்தாலும் 'முழுக்க முடித்தல்' என்ற பொருள் பெரும்பாலும் எட்டிவிடுகிறது. அந்த வாக்கியத்தை அவர் முன்பு அறிந்ததில்லை, சொல்தான் கைகொடுத்தது. பர்த்ருஹரியின் ஓவியம் இதற்கு விடை சொல்லத் திணறுகிறது. குழந்தையின் காதிலிருந்து தொடங்கிய பிரபாகரர் மரபுக்கு அந்தத் திணறல் இல்லை. பசுவும் குதிரையும் மாறி மாறி வந்த பேச்சுகளிலிருந்துதானே 'கொண்டு வா' என்பதை அந்தக் குழந்தை தனியே பிரித்துக்கொண்டது!