படத்தில் அகப்படாத மனம்

"தாயின் இறப்பு நாளைக்கூட நினைவில் வைத்திராத இவனெல்லாம் ஒரு மகனா?" மனச்சிதைவு நோயுற்ற ஒருவரைக் குறித்து நாம் இவ்வாறு பேசியதுண்டு. அடக்கச் சடங்கில் துளிக் கண்ணீருமின்றிக் கல்லாய் நின்ற அவருக்குப் பாசமே இல்லை என்று தீர்ப்பிட்டதும் உண்டு.

மூளைப் படங்கள் இத்தீர்ப்பை அசைக்கின்றன. 1976இல் இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டோன், டிம் குரோ முதலியோர் சி.டி. ஸ்கேன் வழியே ஆராய்ந்து, நெடுங்கால நோயாளரின் மூளையில் நீர் நிறைந்த உள்ளறைகள் அகன்றிருப்பதைக் காட்டினர். 1990இல் செய்ஜி ஒகாவா குழுவினர், இரத்தத்திலுள்ள ஆக்சிஜனின் மாற்றத்தை எம்.ஆர்.ஐ. கருவி காட்டும் என நிறுவவே, இயங்கும் மூளையையே படமெடுக்க வழி பிறந்தது. நினைவைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் எனும் பகுதி இந்நோயாளரிடம் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் பல கண்டன. அப்படியாயின், அவரது மறதியை நன்றிகேடு என்று எப்படிச் சொல்வது?

எனினும் சராசரி என்பது தனிமனிதர் அல்லர். நோயுற்றோர், நலமுற்றோர் அளவுகள் பெரிதும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன; ஒரு படத்தை மட்டும் வைத்து இன்னாருக்கு இந்நோய் என எந்த மருத்துவரும் சொல்வதில்லை. படத்தில் ஒளிரும் வண்ணங்களும் எண்ணங்கள் அல்ல, இரத்த ஓட்டத்தைக் கொண்டு போட்ட கணக்கே. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் செத்த சால்மன் மீனொன்றைக் கருவிக்குள் கிடத்தி, மனிதரின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று வினவினர்! உரிய திருத்தமின்றிக் கணக்கிட்டபோது அம்மீனின் மூளையும் 'இயங்கியது'. கணக்கில் கவனம் வேண்டும் என்பதை உணர்த்தவே அவர்கள் அவ்வாறு செய்தனர்.

வேறோர் ஆபத்தும் உண்டு. 'எல்லாம் மூளைக் கோளாறு' என்னும் விளக்கம் நோயாளர்மீது சுமத்தும் பழியைக் குறைக்கிறது. ஆனால் அவர் இனித் தேறமாட்டார் என்ற அவநம்பிக்கையை வளர்க்கிறது என்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. பழி போய், கைவிடுதல் வந்துசேர்கிறது.

நம்மை மிகவும் உறுத்துவது 1993இல் வெளிவந்த ஆன் கிரிங் குழுவினரின் ஆய்வு. உணர்ச்சி மிக்க திரைப்படக் காட்சிகளைக் கண்டபோது மனச்சிதைவு நோயாளரின் முகங்கள் மற்றவர் முகங்களைவிடக் குறைவாகவே அசைந்தன. உள்ளே என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டபோதோ, மற்றவர்க்கு இணையாகவே உணர்ந்ததாகக் கூறினர். இதை அறிய மூளைப் படம் தேவைப்படவில்லை. ஒரு கேள்வி போதுமானதாயிருந்தது.

அன்று கல்லறையருகே நின்ற அவரிடம் அக்கேள்வியை நம்மில் எவரும் கேட்கவில்லை.