கூப்பிடுகிறவர்கள் காப்பாற்றிய பெயர்

வென்றவரின் தெய்வமும் தோற்றவரின் தெய்வமும் ஒரே கோயிலில் சேர்ந்தால், அது மரியாதையா, விழுங்குவதா?

இங்கிலாந்தின் பாத் நகரில் சுமார் 46 டிகிரி சூட்டில் ஊற்று பொங்குகிறது. ஊர்மக்கள் அங்கே சூலிஸ் என்ற தெய்வத்தைக் கும்பிட்டார்கள். கி.பி. 43-இல் ரோமானியப் படை பிரிட்டனுக்குள் நுழைந்தது. சில பத்தாண்டுகளில் ஊற்றின் பக்கத்திலேயே ரோமானியக் கோயில் எழுந்தது. சூலிஸைத் தங்கள் மினர்வாவோடு சேர்த்து ‘சூலிஸ் மினர்வா’ என்றார்கள்.

பெருந்தன்மைதானே என்று தோணும். ஆனால் அதே படை கி.பி. 60 வாக்கில் மோனா தீவில் துருயிடு பூசாரிகளின் புனிதச் சோலைகளை வெட்டிச் சாய்த்தது என்கிறார் டாசிட்டஸ். பணிந்தவரின் தெய்வத்துக்குக் கோயில். எதிர்த்தவரின் தெய்வத்துக்குக் கோடரி!

அப்படியானால் சூலிஸ் கரைந்துபோனாளா? இல்லைங்க. ஊற்றிலிருந்து சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. மேலாடை திருடுபோச்சு, கையுறையைக் காணோம், திருடனைச் சும்மா விடாதே என்று சாதாரண மக்கள் லத்தீனில் எழுதிப் போட்ட முறையீடுகள். மொழி மாறியும், அவற்றில் பல சூலிஸ் பெயரைச் சொல்லித்தான் அழைக்கின்றன.

யோசிச்சுப் பாருங்க. கோயிலை எப்படிக் கட்டுவது என்பது ஆட்சியின் கையில் இருந்தது. உள்ளே யாரைக் கூப்பிடுவது என்பது மக்களின் வாயில் இருந்தது. கலப்பதால் ஒரு தெய்வத்தின் பெயர் அழிவதில்லை. கூப்பிட ஆளில்லாமல் போனால்தான் அழியும்.